முழுமையாகத் தள்ளுபடி

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டில் அதைப் பார்க்கலாம். மற்றபடி தெருவுக்கும் கோர்ட்டுக்கும் அவர் மூணுதடவைதான். வழக்குக்காரர்களின் பெயரைக் கோர்ட் வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுவது அவர் உத்தியோகம். உள்ளே நாற்காலியில் நீதிபதி, கீழே மேசையில் குமாஸ்தா, வாசலில் இவர். இவர் கூப்பிடாமல் உள்ளே ஒன்றும் நடக்காது என்பது இவருடைய எண்ணம். அது முழுப் பொய்யும் அல்ல.

குரல் அப்படி. வராந்தாவைத் தாண்டி, படிக்கட்டைத் தாண்டி, எதிர்ச் சாரியில் டீ குடித்துக்கொண்டிருப்பவன் காதில் போய் விழும். அந்தக் குரலை அவர் வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் மூன்று முறைதான். மூன்றாவது முறைக்கும் அவள் எழுந்து வராவிட்டால் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "ஆஜராகல" என்பார். பிறகு அவள் மேல்முறையீடு செய்துதான் சோறு வாங்க வேண்டும்.

இத்தனை வருஷம் கோர்ட் வாசலில் நின்றதில் சட்டம் அவருக்குள் ஊறிவிட்டது என்று தெருவில் எல்லோரும் நம்பினார்கள். அவர் அவர்களைவிட அதிகமாக நம்பினார். அரசாங்கக் காகிதம் எது வந்தாலும் அவரிடம்தான் எடுத்து வருவார்கள். 'தெரியாது' என்று சொல்லி ஒருவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. இது பெரிய குணம்தான், ஆனால் இதனால் தெருவில் இரண்டு பேர் தண்ணீர் வரியைத் தப்பான இடத்தில் கட்டியிருக்கிறார்கள்.

அவர் மனைவி ஒரு பெரிய துணிக்கடையில் பில் போடுபவர். காலையில் கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்தால் இரவு கடையடைக்கும்வரை விரல் ஓயாது. கடை வாசலில் வருஷத்தில் பாதி நாள் 'தள்ளுபடி' என்று ஆள் உயரத்துக்குப் பலகை தொங்கும். அந்தப் பலகை தொங்கினால் கூட்டம் அம்மும், கூட்டம் அம்மினால் அவருக்கு மாதக் கடைசியில் கொஞ்சம் கூடுதலாக வரும். ஆக, அந்த வார்த்தையைப் பார்த்தாலே மனைவிக்கு முகம் மலரும். புருஷனுக்கோ அது அன்றாடம் காதில் விழும் இழவுச் செய்தி. உள்ளேயிருந்து 'மனு தள்ளுபடி' என்று வந்தால், ஒருவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டி வெளியே போவார். வழியை விட்டு ஒதுங்கி நிற்பதும் அவர் வேலையில் சேர்ந்ததுதான்.

ஒரே வீட்டில் ஒரே வார்த்தையை இருவர் இருவிதமாகப் பிழைப்புக்கு வைத்திருந்தார்கள். அந்த இரண்டு அர்த்தமும் ஒருமுறைகூட மோதிக்கொண்டதில்லை. காரணம், வேலை விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே இருவருக்கும் ஒப்பந்தம்.

மகளுக்கு மண்ணைப் பற்றிப் படிக்க வேண்டும். மண்ணியல் என்று ஒரு படிப்பு இருக்கிறதாம். வீட்டு ஜன்னலில் கண்ணாடிப் பாட்டில்களில் விதவிதமான மண் வரிசையாக இருக்கும். சிவப்பு, கறுப்பு, சாம்பல், பல் தேய்க்கும் பொடி நிறம். தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, எது முதலில் அடியில் படிகிறது என்று மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பாள். "வீட்டைப் பெருக்கி நான் வெளிய கொட்டுறேன், இவ வெளியிலேர்ந்து உள்ள கொண்டாறா" என்று தாய் புலம்புவார். ஆனால் தூசி தட்டும்போது ஒரு பாட்டிலையும் இடம் மாற்றி வைக்கமாட்டார்.

நல்ல கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் எவ்வளவு என்று தெரிந்ததும் வீட்டில் ஆளுக்கொரு தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். பிறகு மகள்தான் கல்லூரியின் நிதி உதவிப் படிவத்தை எடுத்து வந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். மூணுதடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். மனு, மனுதாரர், உறுதிமொழி, பிணை. எல்லாம் தெரிந்த முகங்கள்.

"இது நம்ம பாஷை" என்றார். "நீ பேனாவைக் குடு."

"சார்ந்திருப்போர் எத்தனை பேர்னு கேட்டிருக்காங்கப்பா."

"ரெண்டு. நீ, உங்கம்மா."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நான் யாரைச் சார்ந்திருக்கேன்? மாசம் பொறந்தா நானும்தான் சம்பளம் வாங்குறேன். ஒண்ணுன்னு எழுதச் சொல்லு. ரெண்டுதான் வேணும்னா உங்கப்பாவைச் சேர்த்துக்க."

ஒன்று என்று எழுதினார்.

"மானியம்னா என்ன?" என்று கேட்டார்.

"குடுத்தா திருப்பிக் குடுக்க வேண்டாம். இந்த வருஷம் அது இல்லையாம்பா."

"உதவித்தொகை?"

"அதையும் திருப்பிக் குடுக்க வேண்டாம். ஆனா வருஷா வருஷம் மார்க் குறையக் கூடாது. அந்தப் பட்டியல் ஏற்கனவே முடிஞ்சிருச்சாம்பா."

"அப்ப கல்விக் கடன்?"

"அது திருப்பிக் கட்டணும். படிச்சு முடிச்சதும் உடனே கேக்க மாட்டாங்க. கொஞ்ச நாள் கருணைக் காலம் இருக்கு."

மூணுதடவை பேனாவைக் கீழே வைத்தார். "கருணையா? கருணை மனு யார் போடுவாங்க தெரியுமா? தூக்குத் தண்டனைக் கைதி. நீ என்ன கொலையா பண்ணிட்ட?"

"அது வேறப்பா. வேலை தேடுறதுக்கு அவகாசம் தர்றாங்க. அவ்வளவுதான். ஆனா இதுக்கு வெளியாள் ரெண்டு பேர் பிணையாளராக் கையெழுத்துப் போடணும்."

"ஜாமீனா? படிக்கப் போற புள்ளைக்கு எதுக்கு ஜாமீன்?"

அவள் எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் அந்தப் பக்கத்தைத் திறக்கவிடவில்லை. கேலி பேசினாலும் உள்ளே வேறு ஒன்று இருந்தது. அடுத்தவருக்காகக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களின் பெயரை வாசலில் நின்று கூப்பிட்டவர் அவர். மச்சானுக்காகப் போட்டவர், கூட வேலை பார்த்தவருக்காகப் போட்டவர். பெயர் கூப்பிட்டதும் அவர்கள் எழுந்திருக்கும் விதத்தை அவர் பார்த்திருக்கிறார். தன் மகளுக்காக இன்னொருவர் அப்படி எழுந்து நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மிஞ்சியது கடைசிப் பக்கம். 'கட்டணச் சலுகை கோரும் மனு' என்று இருந்தது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் சிலருக்குக் கல்லூரி கட்டணத்தை விட்டுக்கொடுக்குமாம். அது கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் துணிக்கடையில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, முதலாளி ஏற்கனவே சொல்லி வைத்திருக்கிறார். மகள் அந்த நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததால்தான் அவருக்குப் பயமாக இருந்தது. மனுவை எழுதி, கீழே பட்டை தீட்டின மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டு, தொடர்புக்குத் தன் கைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்பினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கோர்ட் சாப்பாட்டுக்குக் கலைந்த நேரத்தில் கைபேசி முனகியது. வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு படித்தார்.

'கட்டணச் சலுகை மனு: முழுமையாகத் தள்ளுபடி. விடுதிச் செலவு தனி. தங்கள் ஏற்பை வெள்ளி மாலைக்குள் உறுதி செய்யவும். தவறினால் வாய்ப்பு காத்திருப்போருக்கு வழங்கப்படும்.'

துணிக்கடைத் தள்ளுபடி மூணுதடவைக்குத் தெரியாததல்ல. போட்டிருந்த சட்டையே அதில் வாங்கியதுதான். ஆனால் 'மனு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்தால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். இதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த இரண்டையும் சேர்த்துக் கேட்ட காது அது. அதிலும் 'முழுமையாக' என்று அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். 'செலவு தனி' என்றால் வழக்குச் செலவும் தோற்றவன் தலையில். 'ஏற்பை உறுதி செய்யவும்' என்றால் தோற்றதை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடு. கடைசி வரியில் இருந்த வாய்ப்பை மட்டும் அவரால் எதிலும் பொருத்த முடியவில்லை. வழக்கமான மிரட்டல் என்று விட்டுவிட்டார்.

அன்று பிற்பகல் அவர் பெயர்களைக் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போயிருந்த ஒரு கிழவருக்கு ஆளில்லாமலே தீர்ப்பு ஆகியிருக்கும், குமாஸ்தா பார்த்து எழுந்து போய்த் தானே கத்தினார். "என்னய்யா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "தொண்டை" என்றார் மூணுதடவை.

வீட்டுக்கு வந்தால் மகள் வாசலிலேயே கேட்டாள். "மெசேஜ் ஏதாவது வந்துச்சாப்பா?"

"வரல."

சொன்னபிறகு அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் மண் பாட்டில்கள். படிப்பு மண்ணாகப் போச்சு என்று வாய்வரை வந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் அந்தச் சிலேடைக்கு அவரே சிரித்திருப்பார். கை கழுவப் போகிறவர் மாதிரி பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

ஆனால் கோர்ட்டுக்காரன் ஒரு தள்ளுபடியோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளமாட்டான். மேலே போவான். மறுநாளே கோர்ட் வாசலில் மேசை போட்டு மனு அடித்துக்கொடுக்கும் டைப்பிஸ்ட்டிடம் போய் உட்கார்ந்தார்.

"மேல்முறையீடு" என்றார்.

"எந்த உத்தரவு மேல?"

"தள்ளுபடி உத்தரவு மேல."

டைப்பிஸ்ட் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமும் இல்லை. விரல்களுக்கே மனப்பாடமான வாசகத்தை அடித்துத் தள்ளினார். 'மேற்படி தள்ளுபடி உத்தரவு மனுதாரருக்குச் சிறிதும் ஏற்புடையதன்று. எனவே அதனை முழுமையாக ரத்து செய்து, மனுதாரரின் மகள் கல்வியைத் தொடர ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன்.' மூணுதடவை இரண்டு முறை படித்துப் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை லீவு எழுதிக் கொடுத்தார். கல்யாணத்துக்கும் மகள் பிறந்ததற்கும் தவிர அவர் லீவு போட்டதாகக் குமாஸ்தாவுக்கு நினைவில்லை. வீட்டில் எதுவும் சொல்லாமல், கோர்ட்டுக்குப் போகும் உடுப்பிலேயே கல்லூரிக்குப் போனார். நிதி உதவிப் பிரிவு தரைத்தளத்தில் இருந்தது. கதவில் 'விசாரணைக்கு அணுகவும்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். விசாரணைக்கே எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெம்பாக உள்ளே போனார்.

மேசைக்குப் பின்னால் ஓர் இளம் அலுவலர். அந்தப் பெண் மனுவைப் படித்தார். நிமிர்ந்து இவரைப் பார்த்தார். திரும்பவும் படித்தார்.

"தள்ளுபடி வேண்டாம்னு சொல்றீங்களா சார்?"

"வேண்டாம்மா. அதை எப்படி ஏத்துக்க முடியும்? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல."

"ரத்து பண்ணிட்டாலும் பொண்ணு இங்கதான் படிக்கணும்?"

"இங்கதான். அதுல மாத்தமே இல்ல."

"அதுக்கு வேற ஏற்பாடு வெச்சிருக்கீங்களா?"

மூணுதடவை நெஞ்சை நிமிர்த்தினார். இந்தக் கேள்வியில் பலவீனம் காட்டினால் எதிர்த்தரப்பு ஏறி மிதித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். "ஏற்பாடெல்லாம் பலமா இருக்கு. நான் எதுவரைக்கும் போகணுமோ அதுவரைக்கும் போவேன்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியதுபோல இருந்தது. "இந்த மேசையில உக்காந்து இத்தனை நாளாச்சு சார். தள்ளுபடி கேட்டு அழுறவங்களைத்தான் பாத்திருக்கேன். வேண்டாம்னு சொல்லி யாரும் வந்ததில்ல."

தள்ளுபடி கேட்டு அழுவார்களா என்று மூணுதடவைக்குக் கொஞ்சம் இடித்தது. பிறகு, எதிர்த்தரப்புக்காரன் கேட்கத்தான் செய்வான் என்று சமாதானம் செய்துகொண்டார்.

"அப்ப உங்க தள்ளுபடி பட்டியல்ல அடுத்து இருக்கிறவங்களுக்குப் போயிடும். பரவாயில்லையா?"

இதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது. "அவங்க பாவம் இல்லையாம்மா?"

"பாவமா? சந்தோஷத்துல குதிப்பாங்க சார்."

இப்படியும் ஓர் ஆபீஸா என்று நினைத்துக்கொண்டார். ஆனால் வாயைத் திறக்கவில்லை, காரியம் முடியவேண்டுமே. அந்தப் பெண் பக்கத்து அறைக்குப் போய் இரண்டு பேரைக் கூட்டிவந்து, "இவர்தான்" என்று காட்டினார். அவர்கள் ஒரு கும்பிடு போட்டார்கள். நம் பெயர் இதுவரை எட்டியிருக்கிறது என்று மூணுதடவையும் பதிலுக்குக் கும்பிட்டார். 'தள்ளுபடி மறுப்பு' என்று தலைப்பிட்ட தாள் ஒன்று வந்தது. தள்ளுபடியை மறுக்கத்தானே வந்தோம் என்று, பட்டை தீட்டின கையெழுத்து இன்னொன்றைப் போட்டார். டீயும் கொடுத்தார்கள்.

வீடு திரும்பும்போது அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் நின்றே மனைவியை மூன்று முறை கூப்பிட்டார். கடை வார விடுமுறை, அதனால் மனைவி வீட்டில் இருந்தார்.

"இங்கதான் இருக்கேன். எதுக்குக் கத்துறீங்க?"

"உக்காரு. பதறாதே. பாப்பா மனு செவ்வாய்க்கிழமையே தள்ளுபடி ஆயிருச்சு."

மனைவி எழுந்தே விட்டார். "தள்ளுபடியா? எவ்வளவு?"

"எவ்வளவுன்னா? முழுசா."

"முழுசாவா? கீழ நட்சத்திரம் போட்டு பொடி எழுத்துல நிபந்தனை ஏதாவது இருந்துச்சா, பாத்தீங்களா?"

அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று மூணுதடவை நினைத்தார். தோளைத் தொட்டு, "நான் விட்டுருவேனா? இன்னிக்கு நேராப் போயி, பேசி, அதை ரத்து பண்ணிட்டு வந்துட்டேன்" என்றார்.

"எதை?"

"தள்ளுபடிய."

மனைவி அவரையே பார்த்தார். கல்லாவில் நூறு ரூபாய்க்கு ஐந்நூறு ரூபாய் என்று நினைத்துச் சில்லறை கொடுத்துவிட்ட புதுப் பெண்ணைப் பார்ப்பதுபோல. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "காலேஜ்ல, காசு கட்ட வேண்டாம்னு சொன்னாங்க. நீங்க லீவு போட்டுட்டுப் போயி, இல்ல கட்டுறோம்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

"மனு தள்ளுபடின்னா அப்படி இல்லடி..."

"மனு இல்லங்க. கட்டணம். கட்டணம் தள்ளுபடி."

அவர் கைபேசியை எடுத்துப் படித்தார். மனைவியின் குரலோடு சேர்த்துப் படித்தபோது அதே எழுத்துக்கள் வேறு விதமாக நின்றன. மூன்றாவது முறை படிக்கும்போது கைபேசி கையில் இல்லை. மகள் எப்போது வந்து வாங்கினாள் என்று தெரியவில்லை. அவள் படித்தாள். டைப்பிஸ்ட் அடித்த நகலையும் அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படித்தாள். முதலில் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு, "அப்ப எனக்கு கெடைச்சிருந்துச்சு" என்றாள்.

மனைவி திட்டினார். என்ன திட்டினார் என்பது இங்கே வேண்டாம். கடையில் இத்தனை காலம் வாடிக்கையாளர்களிடம் சொல்லமுடியாமல் விழுங்கியது எல்லாம் அன்று அவருக்கு வந்து சேர்ந்தது. கல்லூரிக்கு ஃபோன் போட்டுப் பார்த்தார்கள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. தட்டு வைத்துக் கூப்பிட்டபோது அன்று ஆஜராகாதது அவர்தான்.

வெள்ளிக்கிழமை கதவு திறப்பதற்கு முன்பே அப்பாவும் மகளும் நிதி உதவிப் பிரிவின் முன்னால் நின்றார்கள். இளம் அலுவலர் இவரைப் பார்த்ததும் முகம் மலர எழுந்தார். மகள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, மலர்ந்த முகம் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது.

"நேத்தே மறுப்பை மேல அனுப்பிட்டேனே" என்றார். "பத்து மணிக்குக் குழு கூடுது. அவங்க ஒத்துக்கிட்டா அடுத்தவங்களுக்கு ஃபோன் போயிடும். அதுக்கு முன்னாடி நீங்க நேர்ல சொன்னாத்தான் உண்டு."

பெஞ்சில் காத்திருந்தார்கள். மூணுதடவை இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அடுத்தவருக்கும் ஒரு மகளோ மகனோ இருப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைத் தள்ளி வைத்தார். தன் மகளின் முகத்தைத் தவிர வேறு எதற்கும் அப்போது அவரிடம் இடம் இல்லை. உள்ளேயிருந்து ஓர் ஆள் வந்து அவருடைய சொந்தப் பெயரைக் கூப்பிட்டான். ஒரே முறைதான், அதுவும் மெதுவாக. மகள் தோளைத் தட்டிய பிறகுதான் அது தன் பெயர் என்பது அவருக்கு உறைத்தது.

நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தலைவர், நரைத்த புருவம். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் எப்படித் திக்குவார்கள் என்று மூணுதடவைக்கு அத்துப்படி. 'சுருக்கமா சொல்லுங்கய்யா' என்று வாசலிலேயே அவர்களை அதட்டி அனுப்புவது அவர்தான்.

"நேத்து தள்ளுபடி வேண்டாம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இன்னிக்கு வேணுங்குறீங்களாம். எதை நாங்க எடுத்துக்கறது?" என்றார் தலைவர்.

மூணுதடவை வாயைத் திறந்தார். எதிர்ச் சாரி டீக்கடைவரை போகும் குரல் மேசைவரை போகவில்லை. "நான்... எங்க கோர்ட்ல..." என்றார். அதற்குமேல் வரவில்லை. கும்பிட்ட கையை மட்டும் கீழே போடவில்லை.

மகள் ஓர் அடி முன்னால் வந்தாள். "அப்பா கோர்ட்ல பேர் கூப்பிடுறவர் சார். அங்க மனு தள்ளுபடின்னா தோத்தாச்சுன்னு அர்த்தம். உங்க மெசேஜையும் அப்படித்தான் படிச்சிருக்காரு. எனக்குச் சலுகை கெடைக்கலைன்னு நெனச்சு அதை எதுத்து மேல்முறையீடு பண்ண வந்திருக்காரு. அந்த மனுவை இப்ப மறுபடி படிச்சுப் பாருங்க சார்."

தலைவர் தாளை இழுத்துப் படித்தார். 'சிறிதும் ஏற்புடையதன்று' என்ற இடத்தில் புருவம் உயர்ந்தது. 'பணிந்து வேண்டுகிறேன்' என்ற இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளினார், அவர் தும்முவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி, இப்பச் சொல்லுங்க. தள்ளுபடின்னா என்ன?"

"இங்கன்னா கட்ட வேண்டாம்னு அர்த்தமுங்க" என்றார் மூணுதடவை. குரல் கொஞ்சம் வந்திருந்தது.

"கோர்ட்ல?"

"கெளம்பலாம்னு அர்த்தமுங்க."

மூவரும் குனிந்து கிசுகிசுத்தார்கள். தலைவர் நிமிர்ந்து, ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார். "நேத்து நீங்க குடுத்த மறுப்பைத் தள்ளுபடி செய்யறோம். அது கோர்ட்டு அர்த்தத்துல. அதனால உங்க மகளோட தள்ளுபடி அப்படியே இருக்கு. அது காலேஜ் அர்த்தத்துல. புரிஞ்சுதா?"

மூணுதடவை மகளைப் பார்த்தார். இருக்கா, போச்சா என்று கண்ணாலேயே கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் அங்கேயே பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் உட்காரச் சொல்லவில்லை, யாரும் எழுந்திருக்கவும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் இளம் அலுவலர் ஏற்பு உறுதியை அங்கேயே பதிந்து கொடுத்தார். இந்த முறை மகள் படித்துப் பார்த்த பிறகே மூணுதடவை கையெழுத்துப் போட்டார். பதிந்துகொண்டே அலுவலர் கேட்டார். "இனிமே வருஷா வருஷம் இந்த மாதிரி மெசேஜ் வரும். தொடர்பு எண்ணை உங்களோடதா மாத்திரலாமாம்மா?"

"மாத்திருங்க, மாத்திருங்க" என்றார் மூணுதடவை அவசரமாக.

"வேண்டாம் மேடம்" என்றாள் மகள். "அப்பா நம்பரே இருக்கட்டும்."

"மறுபடியும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா?"

"சலுகை கெடையாதுன்னு எனக்கு மெசேஜ் வந்திருந்தா நான் அழுதுட்டு, மறுநாள் அம்மாகூடக் கடைக்குக் கெளம்பியிருப்பேன் மேடம். அவரு லீவு போட்டுட்டு இங்க வந்து நின்னாரு. அவர் நம்பரே இருக்கட்டும்."

அலுவலர் சரி என்று சொல்லிவிட்டு, எண்ணை ஒருமுறை சரிபார்க்க வேண்டும், சொல்லுங்கள் சார் என்றார். மூணுதடவை தன் எண்ணைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், அதே இடத்தில் நின்றது. மீதி எண்களை மகள் சொன்னாள்.